புல முதல்வரைத் தட்டிய கை

மதுரைக்கு மேற்கே, பருத்தியும் சோளமும் மழையை நம்பிக் கிடக்கிற கரிசலுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. தொடங்கிய காலத்தில் அது பயிருக்கும் மாட்டுக்குமான கல்லூரி. வயலில் இறங்கினால் வேளாண்மை, கரையேறினால் கால்நடை. பாடத்திட்டம் அத்தோடு சரி. பிறகு மாட்டைவிட மேலாண்மைக்குக் கிராக்கி கூடியது. வணிக மேலாண்மை வந்தது, கணினி வந்தது, ஆடை வடிவமைப்புகூட வந்து இறங்கியது. வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமே? மாடுகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மாடுகள் எதிர்ப்புத் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

இப்படித்தான் பழைய கறவைக் கொட்டகை கருத்தரங்கக் கூடமாக உயர்ந்தது. ஓட்டுக்குக் கீழே அட்டை அடித்தார்கள், ஏசி மாட்டினார்கள், தீவனத் தொட்டியில் மண்ணை நிரப்பிக் குரோட்டன்ஸ் வைத்தார்கள். வாசலை ஒட்டிக் குறுக்கே ஓடும் மூத்திரக் கால்வாயை மட்டும் மூடவில்லை. அந்த இடத்துக்கு வரும்போது நிதி முடிந்துவிட்டதாம். கருத்தரங்குக்கு வரும் அறிஞர் பெருமக்கள் இன்றைக்கும் வேட்டியையோ பேண்ட்டையோ ஒரு சாண் தூக்கிப் பிடித்து, காலை அகட்டி அதைத் தாண்டித்தான் அறிவுலகுக்குள் நுழைகிறார்கள்.

கண்ணுச்சாமி அந்தக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவர். கொட்டகைக்குப் பதவி உயர்வு கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. மாடுகளோடு மாடாக அவரையும் பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். அவருடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். சொந்தமாக மாடு கிடையாது, கட்ட இடம் கிடையாது, கட்டுவதற்குக் கயிறும் கிடையாது. கண்ணுச்சாமி அரசாங்க மாட்டைக் குளிப்பாட்டினார். குடும்ப வரலாற்றில் இது ஒரு பெரிய பாய்ச்சல் என்று தாராளமாகச் சொல்லலாம். ஊருக்குப் போனால், “யுனிவர்சிட்டில இருக்கேன்” என்பார். பொய்யில்லை. “எந்தச் செக்சன் மாப்ள?” என்று யாராவது துருவினால், “லைவ்ஸ்டாக்” என்பார். கால்நடைக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர், அதனால் அதுவும் பொய்யில்லை. கேட்டவர்கள் அது ஏதோ ஷேர் மார்க்கெட் சமாசாரம் என்று எண்ணிக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அவர்கள் எண்ணத்தில் குறுக்கிடும் பழக்கம் கண்ணுச்சாமிக்கு இல்லை.

அவருடைய வேலைத்திறன் முழுவதும் கையில் இருந்தது. மாடுகளுக்கு ஒரு குணம் உண்டு. தரையில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் பாதாளம் என்று நினைத்து நின்றுவிடும். அந்தப் பழைய கொட்டகை வாசலில், அந்தக் கால்வாய்க்கு முன்னால், ஒவ்வொரு மாடும் காலையிலும் மாலையிலும் நின்றது. முன்னால் போகிற மாடு நின்றால் பின்னால் வருவது அம்புட்டும் நின்றுவிடும். கண்ணுச்சாமி பின்பக்கமாகப் போய், இடது கை விரலால் இடுப்பெலும்புக்கு மேலே ஒரு அமுக்கு அமுக்கி, வலது உள்ளங்கையால் பின்தொடையில் ஒரு தட்டு தட்டி, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து, “ட்டக்… ட்டக்… ஹேய், போ தாயி” என்பார். மாடு தாண்டிவிடும். வருடக்கணக்காக இதைச் செய்து செய்து, கடைசியில் இதைச் செய்வதற்குக் கண்ணுச்சாமியே தேவையில்லை, கை மட்டும் போதும் என்கிற நிலை வந்திருந்தது.

இந்த நிலையில்தான் அவருடைய மகள் முத்துமீனா பிளஸ் டூவில் மார்க்கை அள்ளி, கால்நடை மருத்துவப் படிப்புக்குத் தேர்வாகி, வேறெங்கும் போகாமல் இதே பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

சந்தோஷம் வந்த அன்றைக்கே வெட்கமும் கூடவே வந்து சேர்ந்தது. கால்நடை மாணவர்கள் செய்முறை வகுப்புக்குப் பண்ணைக்கு வருவார்கள். பசுவின் ஆசனவாய்க்குள் தோள்வரை கையை விட்டுக் கருப்பையைத் தொட்டுப் பார்ப்பவர் டாக்டர். அப்போது வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணியை மேலே வாங்கிக்கொண்டு நிற்பவர் கண்ணுச்சாமி. இரண்டு பேருக்கும் இடையே இருப்பது ஒரு வாலின் நீளம்தான். ஆனால் மதுரையிலிருந்து டெல்லிக்குப் போகிறவர்கள்கூட அத்தனை தூரம் போவதில்லை.

முதல் வாரமே முத்துமீனா சொன்னாள்: “யப்பா, எங்க கிளாஸ் பிள்ளைக பண்ணைக்கு வந்தா, நீ பாட்டுக்கு இரு. நான் பாட்டுக்கு இருப்பேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணுச்சாமி அதைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார். அவள் பேட்ச் வருகிற நாளில், கூட வேலை பார்க்கும் பேயாண்டியிடம் வாலை ஒப்படைத்துவிட்டு, சோளத்தட்டைப் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் டாக்டருக்குப் படித்த காலம் முழுவதும் அப்பா அங்கேதான் படித்தார்.

அவருக்கு ஆசை என்று ஒன்று இருந்தது என்றால் அது ஒரே ஒரு போட்டோ. கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு மகள் நடுவில் நிற்க, இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் மனைவி செல்லக்கிளியும் நிற்க வேண்டும். அதை மாட்டுவதற்கான ஆணியை, மகள் சேர்ந்த வருடமே செல்லக்கிளி வீட்டுச் சுவரில் அடித்துவிட்டாள். படம் இல்லாத ஆணியில் இத்தனை காலமும் மஞ்சப்பை தொங்கியது.

பட்டமளிப்பு விழா நெருங்கியது. பல்கலைக்கழகத்தில் அப்போது ஒரு கொள்கைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஊர்வலத்தில் எந்தப் புல முதல்வர், அதாவது எந்த டீன், முன்னால் போவது? பல்கலைக்கழகமே எங்களால்தான் என்றார் வேளாண்மை. எங்கள் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு பேச்சா என்றார் கால்நடை. உங்கள் இருவரையும் சேர்த்தாலும் எங்கள் அட்மிஷன் வராது என்றார் மேலாண்மை. ஒத்திகையில் மூவரும் ஒரே நேரத்தில் முன்னால் போக முயன்று, வரிசை மூன்று முறை கலைந்தது. பதிவாளர் தலையில் கை வைத்து, “இவங்களை ஒழுங்கா ஓட்டிட்டு வர ஒரு ஆள் இல்லையா?” என்று கேட்டார்.

பண்ணை மேலாளர் முத்துப்பாண்டி ஒரு உண்மையான அரசு ஊழியர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். “இருக்கார் சார். நாப்பது உருப்படியை ஒத்தை ஆளா ஓட்டிட்டு வருவாரு.”

சாயங்காலமே கண்ணுச்சாமிக்கு வெள்ளை உடுப்பும், தோளுக்குக் குறுக்கே மாட்டுகிற சிவப்பு டவாலியும் வந்து சேர்ந்தன.

“சார், எம்பொண்ணு அன்னைக்குப் பட்டம் வாங்குது சார். என்னைய விட்ருங்க.”

“அதுக்குத்தான்யா சொல்றேன்,” என்றார் முத்துப்பாண்டி. “முன்வரிசையில நின்னு பாக்கலாம்ல? அவனவன் பாஸ் கிடைக்காம அலையிறான். உனக்கு டவாலியே குடுத்திருக்கு.”

வீட்டில் அந்த டவாலியை முத்துமீனா எடுத்துப் பார்த்து, மடித்து வைத்தாள். செல்லக்கிளிதான் பேசினாள்.

“என்னய்யா இது, கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற மாதிரி?”

“ஊர்வலத்தைக் கூட்டிட்டுப் போகணுமாம்.”

“யாரு, நீயா? மாட்டைத் தவுர நீ யாரைக் கூட்டிட்டுப் போயிருக்க? என்னையக்கூட ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல.”

முத்துமீனா கடைசியில் சொன்னாள்: “யப்பா, போ, வேணாங்கல. வாயை மட்டும் தொறக்காத. பேசாம நடந்து வந்து, பேசாம நின்னுட்டுப் போயிரு. மதியம் காளவாசல் ஸ்டூடியோல போட்டோ எடுத்துக்கலாம். அஞ்சு மணிக்குள்ள அங்கியைத் திருப்பிக் குடுக்கணும். அது வாடகை.”

“வாயையே தொறக்க மாட்டேந்தாயி,” என்றார் கண்ணுச்சாமி. கையைப் பற்றி யாரும் வாக்குறுதி கேட்கவில்லை.

ஊர்வலம் எங்கிருந்து புறப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கருத்தரங்கக் கூடத்திலிருந்து. அதாவது, பழைய கொட்டகையிலிருந்து.

புல முதல்வர்கள் வெல்வெட் அங்கி மாட்டி, தலையில் குஞ்சத் தொப்பி வைத்து நின்றார்கள். நாதசுரக்காரர் ஊதத் தொடங்கினார். கண்ணுச்சாமி வரிசையின் பக்கவாட்டில் நின்றார். பதிவாளர் கால்வாயைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். அடுத்து மேலாண்மை. பெரிய உடம்பு; முதுகு ஒரு சுவர் மாதிரி. கால்வாய்க்கு முன்னால் வந்ததும் அங்கியைத் தூக்கிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து அங்கிக்குள் செல்போன் அடித்தது. ஒரு கையில் அங்கி, இன்னொரு கை உள்ளே போனைத் தேட, அப்படியே நின்றுவிட்டார். பின்னால் கால்நடை நின்றது. வேளாண்மை நின்றது. அதற்குப் பின்னால் கல்விக்குழு உறுப்பினர்கள் அம்புட்டுப் பேரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் தனியாகப் போய்விட்ட பதிவாளர் திரும்பிப் பார்த்து முழித்தார்.

கண்ணுச்சாமியின் மூளை வேலை செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். அது, ‘ஐயா, கொஞ்சம் நகந்தீங்கன்னா நல்லாருக்கும்’ என்ற வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று மகள் சொன்னது குறுக்கே வந்து தடுத்தது. அதற்குள் கை பார்த்துவிட்டது. அதே வாசல். அதே கால்வாய். கால்வாயைப் பார்த்துத் தயங்கி நிற்கும் அதே மாதிரியான அகலத்தில் ஒரு முதுகு. கொட்டகைக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தியைக் கைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இடது விரல் இடுப்பில் ஒரு அமுக்கு. வலது உள்ளங்கை பின்பக்கத்தில் ஒரு தட்டு.

“ட்டக்… ட்டக்… ஹேய், போ தாயி.”

போனார்.

ஒரே எட்டில் கால்வாயைத் தாண்டிப் போனார். பின்னாலேயே எல்லாரும் போனார்கள். பல்கலைக்கழக வரலாற்றிலேயே அவ்வளவு சீரான ஊர்வலம் நடந்ததில்லை என்று பிற்பாடு பலர் ஒப்புக்கொண்டார்கள்.

இதுபற்றிப் பின்னால் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. தட்டு விழுந்ததாகச் சொல்லப்படும் இடம் எது என்று புல முதல்வரிடம் கேட்டார்கள். அவர் தண்ணீர் குடித்தார். பதிவேட்டில் ஏறப்போகிற சொல்லாயிற்றே! யோசித்து, “தோள்பட்டை” என்றார். தோள்பட்டையில் தட்டினால் அது பாசம், குற்றமாகாது. ஊர்வலம் தன்னியல்பாக நகர்ந்தது என்று குழு முடிவு கண்டது. கால்வாயை மூடும்படிப் பரிந்துரையும் செய்தது. நிதி வரவேண்டியிருக்கிறது.

ஆனால் குழுவெல்லாம் பின்னால்தான். அன்றைக்குக் காலையில் நடந்ததைக் கேமராக்காரர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டமளிப்பு நடக்கவிருந்த அரங்கத்துக்குள் பெரிய திரையில் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அரங்கம் நிறைய மாணவர்கள், பெற்றோர்கள். ஒரு டவாலி ஆள் ஒரு பெரிய மனிதரைப் பின்பக்கத்தில் தட்டிவிட்டார் என்கிற அளவில்தான் மற்ற மாணவர்களுக்குப் புரிந்தது. கால்நடை மாணவர்களுக்கு மட்டும் முழுப் பொருளும் விளங்கியது. முதல் சிரிப்பு அவர்கள் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. கற்ற கல்வி உடனடியாகப் பயன்பட்ட இடம் என்று அதைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சிரிப்பு காதில் விழும்போது கண்ணுச்சாமி அரங்க வாசலுக்கு வந்திருந்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். கேமரா இன்னும் அவரை விடவில்லை. ஒரு ஆள் உயரத்துக்கு அவருடைய உள்ளங்கை மட்டும் திரையில் தெரிந்தது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் டவாலிக்குள் செருகினார். பிறகு வெளியே ஓடி, சிறப்பு விருந்தினரை வரவேற்கும் பிளக்ஸ் பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சோளத்தட்டைப் போர் இல்லாத இடத்தில் மனிதன் கிடைத்ததைத்தான் பயன்படுத்த வேண்டும்.

“முத்துமீனா கண்ணுச்சாமி” என்று ஒலிபெருக்கியில் பெயர் வந்தது. பலகையில் சிறப்பு விருந்தினரின் காதுப் பக்கம் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாகக் கறுப்பு அங்கி மேடையேறி இறங்கியதைப் பார்த்தார். கைதட்டல் கேட்டது. அவர் தட்டவில்லை. அன்றைக்குத் தட்டவேண்டியதை ஏற்கெனவே தட்டியாயிற்று.

விழா முடிந்து கூட்டம் வெளியே வந்தது. மகளைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பலகையைச் சுற்றிக்கொண்டு வந்தார். நாலடி தூரத்தில் அவள் தோழி பவதாரிணியோடு நின்றிருந்தாள். பவதாரிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ மீனா, ‘போ தாயி’ன்னு சொன்னாருடி! டீனைப் பாத்து! யாருடி அது? நம்ம பண்ணை ஆளா?”

“தெரியலடி,” என்றாள் முத்துமீனா.

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பியபோது எதிரே கண்ணுச்சாமி நின்றுகொண்டிருந்தார்.

வழி தவறி வந்தவர் மாதிரி அப்படியே திரும்பி நடந்தார். மகள் செய்தது சரி என்றுதான் அவருக்குப் பட்டது. வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, திறந்து, அதில் ‘தாயி’ வேறு. அவரைக் கேட்டிருந்தால் அவரே தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்.

காளவாசலுக்குப் போகிற பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். திரையில் ஊர்வலம் ஓடி முடிந்த பிறகே அரங்கத்துக்குள் வந்ததால் விஷயம் எதுவும் தெரியாத செல்லக்கிளி மட்டும், மேடையில் மகளுடைய தொப்பி கோணலாக இருந்ததைப் பற்றிச் சிக்னலுக்குச் சிக்னல் பேசிக்கொண்டு வந்தாள். முத்துமீனா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கண்ணுச்சாமி படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

ஸ்டூடியோ வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அங்கி வாடகை அஞ்சு மணியோடு முடிவதால், பட்டம் வாங்கிய பாதிப் பேர் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகக் கண்ணுச்சாமி பார்த்தார். உள்ளே பவதாரிணி. பக்கத்தில் கோட்டுப் போட்ட அவளுடைய அப்பா. கதவுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கல் படி இருந்தது. கண்ணுச்சாமி அதற்கு முன்னால் நின்றுவிட்டார்.

“என்னய்யா நின்னுட்ட?” என்றாள் செல்லக்கிளி.

“நீங்க ரெண்டு பேரும் எடுங்க. எனக்கு அந்த லைட்டு கண்ணைக் கூசும்.”

“லைட்டு உன்னைக் கடிச்சா திங்கப்போகுது? ஆணி அடிச்சு எம்புட்டு வருசமாச்சு! உள்ள ஏறுய்யா.”

“இல்ல செல்லா. நான் இங்கிட்டு நின்னு செருப்பைப் பாத்துக்கிறேன்.”

பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்து முட்டின. “அண்ணே, உள்ள போறீங்களா இல்லையா?” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கண்ணுச்சாமி நகரவில்லை. உள்ளேயிருந்து பவதாரிணி எட்டிப் பார்த்தாள். மீனாவைப் பார்த்ததும் கையாட்டினாள். மீனாவுக்கு முன்னால் நின்ற ஆளைப் பார்த்ததும் ஆட்டிய கை அந்தரத்தில் நின்றது.

முத்துமீனா அப்பாவுக்குப் பின்னால் வந்தாள். தொப்பியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

இடது விரலால் இடுப்பில் ஒரு அமுக்கு. வலது உள்ளங்கையால் முதுகில் ஒரு தட்டு.

“ட்டக்… ட்டக்… ஹேய், போப்பா.”

குரல் சுத்தமாக விழுந்தது. பல்கலைக்கழகத்தில் யாரும் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணுச்சாமியின் கால் அவரைக் கேட்காமலே படியைத் தாண்டியது.

முத்துமீனாவின் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. “எங்கப்பாடி,” என்றாள் பவதாரிணியிடம். “பண்ணையில மாடு பாக்குறாரு. காலையில தெரியலன்னு சொன்னது பொய்.”

பவதாரிணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

“அங்கிள், அப்ப எங்க பேட்ச் வரும்போது மட்டும் எங்க போனீங்க? அந்தப் பேயாண்டி அண்ணன் வாலை விட்டுட்டாரு. அம்புட்டுச் சாணியும் என் மேலதான். ஒரு வாரம் ஹாஸ்டல்ல எவளும் எங்கூட உக்காந்து சாப்புடல!”

சோளத்தட்டைப் போருக்குப் பின்னால் ஒளிந்ததால் இப்படி ஒரு விளைவு இருந்திருக்கும் என்று கண்ணுச்சாமி நினைத்ததே இல்லை. அதுவரை பட்ட வெட்கத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டார். “தப்புத்தேன் தாயி,” என்றார். சொன்ன பிறகுதான் ‘தாயி’ என்று சொல்லிவிட்டது உறைத்தது. கோட்டுப் போட்டவர் உட்படக் கடையே சிரித்தது.

போட்டோக்காரர் மூன்று பேரையும் நிறுத்தினார். “அண்ணே, கையை எங்க வச்சிருக்கீங்க? முன்னால கொண்டாங்க. பொண்ணு தோள்ல போடுங்க.”

கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

“விடுங்கண்ணே,” என்றாள் முத்துமீனா. “அந்தக் கை மேல விசாரணை வரப்போகுது.”

அந்தப் படம் இப்போது ஆணியில் தொங்குகிறது. மஞ்சப்பைக்கு வேறு ஆணி அடித்தாயிற்று. செல்லக்கிளி லைட்டை முறைக்கிறாள். முத்துமீனா வாய்விட்டுச் சிரிக்கிறாள். கண்ணுச்சாமி தரையைப் பார்க்கிறார். அவருக்குக் கை இருக்கிறதா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது.

போன மாதம் பேரையூரிலிருந்து சித்தப்பா முறை ஆகும் காளை என்பவர் வந்திருந்தார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “பேத்தி டாக்டரு. நீயும் யுனிவர்சிட்டிலதான இருக்க, என்னமோ செக்சன் சொல்லுவியே, என்னது அது?”

கண்ணுச்சாமி வாயெடுப்பதற்குள் அடுப்படியிலிருந்து முத்துமீனாவின் குரல் வந்தது: “மாட்டுக் கொட்டகை, தாத்தா!”

காளை கண்ணுச்சாமியைப் பார்த்தார். கண்ணுச்சாமி, படத்தில் பார்க்கிற மாதிரியே தரையைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார்.